கீழாநெல்லி சொல்லும் செய்தி



பிரிக்பீல்ட்சிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லி கேட்டால் தூளாக எடுத்துத் தருவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடையே வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும். இலைகளின் கீழே வரிசையாகக் காய் தொங்குவதால் நம்மவர் கீழ்க்காய் நெல்லி என்றனர். மலாய்க்காரர் 'டுக்கோங் அனாக்' என்கின்றனர். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். எது அழகு என்று வகுப்பில் கேட்டால், பாதிப் பேர் மலாய்ப் பெயருக்கே கை தூக்குகிறார்கள்!

மஞ்சள் காமாலைக்கு இதை அரைத்து மோரில் கொடுப்பது நம் வழக்கம். குணமாகிறதே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஏ வகைக் கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். மோர் குடித்தவரும் எழுந்து நடப்பார், குடிக்காதவரும் நடப்பார். பெயர் மட்டும் இலைக்குப் போய்விடும்.

பி வகைக் கிருமி அப்படிப்பட்டதன்று. சிலர் உடலில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து, ஈரலைச் சுருக்கிப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். இக்கிருமியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும், சென்னை ஆய்வாளர் தியாகராசன் குழுவினரும் கீழாநெல்லியைச் சோதித்தனர். ஒரு சாராருக்குச் செடித்தூள், மறு சாராருக்கு மருந்தில்லாத வெறுந்தூள். முப்பது நாள் கொடுத்தபின் இரத்தத்தைப் பார்த்தனர். செடித்தூள் உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. 1988இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் 1990இல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன்? சோதித்தவர் தொகை சிறிது என்பது ஒன்று. செடி ஒரே செடிதானா என்பது மற்றொன்று. கீழாநெல்லியைப் போலவே தோன்றும் இனங்கள் பல உண்டு; மண்ணும் பருவமும் மாறினால் சத்தும் மாறும். அதனால்தான் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் செடியை அழுத்திக் காயவைத்து, எடுத்த இடத்தையும் நாளையும் குறித்து வைக்கிறார்கள்.

பிறகுதான் சாற்றைப் பிரித்து, எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று தேடுவது. நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியை நீரிழிவுக்கென்றுதான் கனடாவில் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை, எலியின் வெள்ளணுக்கள் குறைந்தன. விடாமல் தேடி 1958இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். புற்றுநோய்க்கு அது இன்றும் மருந்து. எந்த ஊரிலும் ஒரே அளவாக நிறுத்துக் கொடுக்க முடிகிறது. அந்த இலையை வீட்டில் காய்ச்சிக் குடித்தால் நஞ்சு.

கீழாநெல்லி அந்த நிலைக்கு வரவில்லை. ஆகவே கண் மஞ்சளானால் முதலில் கிளினிக்கில் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். செம்பனை ஓரத்துச் செடி களைக்கொல்லி பட்டதாகவும் இருக்கலாம். நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பி வகைத் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்குமுன் பிறந்த நாம்தான் சோதித்துக்கொள்ள வேண்டியவர்கள்.