நாய்க்கு இடும் காய்கறி

இந்நாட்டுத் தமிழ் இல்லங்களில் நாய்க்கெனத் தனியாக உலை வைப்போர் மிகச் சிலரே. வீட்டார் உண்டு எஞ்சிய சோறும் கறியுமே குழைக்கப்பட்டு அதன் தட்டில் இடப்படுகின்றன. அன்போடு இடப்படும் அவ்வுணவு சில வேளைகளில் அதற்கு நஞ்சாகவும் அமைந்துவிடுகின்றது.

நாய் ஊனுண்ணி, அதற்குக் காய்கறி ஆகாது என்பர் சிலர். மனிதர் உண்பதெல்லாம் நாயும் உண்ணலாம் என்பர் வேறு சிலர். இவ்விரு கூற்றுக்களும் முழுமையான உண்மையல்ல. ஓநாய் மரபில் தோன்றிய நாய், மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்ததன் பயனாக மாப்பொருளைச் செமிக்கும் ஆற்றலைப் பெற்றுள்ளது. அதற்குத் துணைபுரியும் பரம்பரையலகின் பிரதிகள் ஓநாயில் இரண்டே உள. நாயிலோ 4 முதல் 30 வரை உள்ளன என்பதை 2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று காட்டிற்று.

ஆகவே, கரட், போஞ்சி, பூசணி, வற்றாளங்கிழங்கு முதலியவற்றை உப்பும் எண்ணெயும் தூளும் சேராது அவித்து, மசித்துக் கொடுக்கலாம். வேகாத காயின் நாரை நாயின் குடல் எளிதிற் செமிப்பதில்லை. எனினும் இவை துணையுணவே. நாளுணவிற் பத்திலொரு பங்கை மிஞ்சாதிருத்தல் நன்று. பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கையும் வேகாத மரவள்ளியையும் விலக்குதல் வேண்டும். சோளப் பொத்தியின் தண்டு குடலை அடைத்துவிடும்.

பேராபத்து வெங்காயத்திலேயே உள்ளது. வெங்காயம், உள்ளி, லீக்ஸ் ஆகிய ஓரினப் பயிர்கள் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கின்றன. அவித்தாலும், பொரித்தாலும், உலர்த்தித் தூளாக்கினாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வரையான வெங்காயம் தீங்கு செய்யப் போதுமானது. அஃதாவது, 10 கிலோ நாய்க்கு 150 கிராமே ஆபத்தாகலாம். சிறிது சிறிதாக நாள்தோறும் உண்பதாலும் கேடு விளையும். சொதியிலும் சம்பலிலும் பருப்புக் கறியிலும் வெங்காயம் இல்லாத நாள் உண்டோ?

இந்நஞ்சு உடனே தன்னை வெளிக்காட்டுவதில்லை. சில நாட்கள் சென்ற பின்னரே முரசு வெளிறும். நாய் சோர்ந்து மூச்சிரைக்கும். சிறுநீர் செந்நிறமாகவோ கபில நிறமாகவோ கழியும். அதற்குள் உண்பித்த கறியை வீட்டார் மறந்துவிடுவர். நோயின் காரணமும் அறியப்படாமற் போகும்.

புளியும் ஐயத்துக்குரியது. திராட்சையும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்குவதற்கு அவற்றிலுள்ள தாத்தாரிக்கமிலமே காரணமாகலாம் என 2021ஆம் ஆண்டில் விலங்கு மருத்துவர் சிலர் எடுத்துக்காட்டினர். அதே அமிலம் புளியில் மிகுதியாக உண்டு. எனவே புளிக்குழம்பு ஊற்றிய சோற்றையும் தவிர்ப்பதே அறிவுடைமை.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் எளிது. கறிக்குக் காய் அரியும்போதே ஒரு பிடியை வேறாக எடுத்து, வெங்காயமும் புளியும் சேராத சிறு சட்டியில் அவித்துவிட்டாற் போதும். தவறி வெங்காயத்தையோ திராட்சையையோ உண்டுவிட்டால், குறி தோன்றும்வரை காத்திராது விலங்கு மருத்துவரை நாடுதல் வேண்டும். உப்புநீர் பருக்கி வாந்தியெடுக்கச் செய்வது ஆபத்தை இரட்டிப்பாக்கும்.

தட்டில் விழுவதை ஆராய்ந்து விலக்கும் அறிவு நாய்க்கு இல்லை. இடும் கையை நம்பியே அது உண்கின்றது. அந்நம்பிக்கைக்கு ஊறு நேராமற் காப்பது இடுபவரின் கடமையாகும்.