தீப்புண் ஆற வயிறும் நிறைய வேண்டும்

(கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், மரக்கணக்கு, வீட்டுக் கூரை என்று பேசுவதே நமது மேடையின் வழக்கம். இன்று நோயாளியின் சோற்றுத் தட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதுவும் தொழிலாளர் பிரச்சினைதான்.

நமது தோழர் ஒருவர் புகைக்கூடத் தீயில் சிக்கி, மார்பும் கைகளும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாங்கள் பார்க்கப் போனபோது, கொடுத்த முட்டையும் மீனும் தொடப்படாமல் மேசைமீது இருந்தன. "புண் சீழ் வைக்கும், அரிப்பெடுக்கும்" என்று வீட்டார் பத்தியம் பிடித்து, அரிசிக் கஞ்சியை மட்டும் ஊட்டி வந்தார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் மனிதர் எலும்பும் தோலுமானார். ஒட்டுப் போட்ட தோலும் பிடிக்கவில்லை. டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். அதையே உங்களிடம் ஒப்படைக்கிறோம்.

நெருப்பு வெளியே அணைந்தாலும் உள்ளே அணைவதில்லை. உடலில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் வெந்தவர் அசையாமல் படுத்திருந்தாலும், அவர் உடல் செலவழிக்கும் சக்தி, ஓய்வில் இருப்பவருடையதைப் போல் இரு மடங்கு வரை ஏறக்கூடும். புண் மூடிய பிறகும் ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட அந்த வேகம் முழுதும் தணியாது. விறகு போதாத புகைக்கூடத்தில் சுவர்ப் பலகையைப் பெயர்த்து எரிப்பதுபோல, உணவு போதாத உடல் தன் சதையையே எரிக்கிறது. சதை கரைந்தால் நோயை எதிர்க்கும் வலிமை தளரும்; புண் ஆறத் தாமதமாகும்.

கணக்கு நம் கிராணிமாருக்குக் கைவந்த கலை, போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சாதாரண நாளில் 48 கிராம் புரதம் போதும். பெரிய தீப்புண் கண்டால் 90 முதல் 120 கிராம் வேண்டும். ஒரு கோழி முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20, அதே அளவு தெம்பேயிலும் ஏறக்குறைய அவ்வளவே, ஒரு கிளாஸ் பாலில் 8. ஒரு கிண்ணக் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் தேறினால் அதிகம்! ஒவ்வாமை உள்ளவரைத் தவிர, முட்டையும் மீனும் யாருடைய புண்ணையும் கெடுப்பதில்லை.

அதற்காக அளவின்றித் திணிப்பதும் தவறு. மிதமிஞ்சினால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும், ஈரலில் கொழுப்புச் சேரும். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவருக்கு அளவு வேறு. ஆகவே ஆஸ்பத்திரி உணவு நிபுணர் சொல்வதே கணக்கு. வாயால் உண்ண முடியாதவருக்கு மூக்கு வழியே குழாய் வைத்து, முதல் நாளிலேயே உணவு கொடுக்கத் தொடங்குவார்கள். குழாயைக் கண்டு அஞ்சி வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

இனி, காசு எங்கே? 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வேலையில் காயம்பட்டு நான்கு நாளுக்குக் குறையாமல் டாக்டர் விடுப்பு பெற்றவருக்கு, சராசரி நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு பெர்கேசோவில் கிடைக்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தை அறிவிக்க வேண்டும். கிராணித் தோழர்களே, அந்தப் பாரம் உங்கள் மேசையில் ஒரு நாளும் தூங்கக் கூடாது!

ஆனால் மீதி 20 பங்கு? வருமானம் குறைகிற மாதத்திலேதான் சாப்பாட்டுச் செலவு கூடுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பும்படி நிர்வாகத்தைக் கேட்போம். பதில் வரும்வரை நோயாளி பட்டினி கிடக்க முடியாது. ஆகவே நமது கிளையில் முட்டை–பால் நிதி ஒன்று இன்றே தொடங்க வேண்டுமெனப் பிரேரிக்கிறோம்.

அந்தத் தோழரின் வீட்டார் பத்தியத்தைக் கைவிட்டார்கள். இரண்டாம் முறை ஒட்டிய தோல் பிடித்தது. இதோ, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பிரேரணைக்கு முதலில் கை தூக்கப் போகிறவர் அவர்தான்.