புதிய நாட்டில் பழைய வண்டி

நாடு விட்டு நாடு குடிபெயர்வோருட் சிலர் தாம் பல்லாண்டு செலுத்திவந்த மோட்டார் வண்டியையும் உடன் கொண்டுசெல்ல விரும்புவர். பழகிய பொருள்மீதுள்ள பற்று ஒருபுறம். அவசரத்தில் விற்றால் பாதி விலையும் தேறாது என்னும் கணக்கு மறுபுறம். ஆனால், முன்னைய நாட்டிலே நன்கு அறியப்பட்டிருந்த அவ்வண்டி, புதிய துறைமுகத்தில் இறங்கியதும் பேரும் வயதும் அறியப்படாத அந்நியனாகி நிற்கின்றது. அது யார் என்று எடுத்துரைக்கவல்லவை அதனுடன் வந்த பத்திரங்களே.

விருந்தாளியாய் வரும் வண்டிக்கு இத்தொல்லை பெரிதும் இல்லை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைப்படி, சுற்றுலாவுக்கு வரும் வண்டி தன் நாட்டு இலக்கத் தகட்டுடனேயே பிறநாட்டு வீதிகளில் ஓடலாம். எந்நாட்டது என்பதைக் காட்டும் எழுத்து பின்புறத்தில் இருந்தாற் போதும். நம் நாட்டின் பெயர் 1972இல் மாறிய பின்னரும், இலங்கை வண்டிக்குரிய எழுத்துகள் 'சிலோன்' என்பதிலிருந்து வந்த 'சீ, எல்' என்பனவாகவே இருந்துவருகின்றன. எனினும் குடியேற வந்தவர் விருந்தாளி ஆகார். பிரித்தானியாவை எடுத்துக்கொண்டால், சுற்றுலாப் பயணி பன்னிரண்டு மாதத்துள் ஆறு மாதம்வரை தன் நாட்டு வண்டியைச் செலுத்தலாம். அங்கேயே வாழப்புகுந்தவரோ உடனே அதனைப் பதிவுசெய்தல் வேண்டும்.

துபாயிலே சில ஆண்டுகள் தொழில் புரிந்த ஒருவர், குடும்பத்துடன் இங்கிலாந்துக்குக் குடிபெயர்கின்றார் என்று கொள்வோம். அவரிடம் ஆறு வயதான ஒரு வண்டி உண்டு. ஏற்றிறக்கு கூலியும் சேர்ந்து அதன் மதிப்பு 9,000 பவுண். இறக்குமதித் தீர்வை நூற்றுக்குப் பத்து, அதாவது 900. இவ்விரண்டும் சேர்ந்த 9,900 பவுண் மீது நூற்றுக்கு இருபது வீதம் பெறுமதி சேர் வரி, அதாவது 1,980. ஆக 2,880 பவுண்! தீர்வைக்கும் வரி விதிக்கப்படுவதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

இத்தொகை முழுவதிலுமிருந்து அவர் விலக்குப் பெற வழியுண்டு. குடிமாற்றச் சலுகை என்பது அதுவே. குறைந்தது பன்னிரண்டு மாதம் தொடர்ந்து பிரித்தானியாவுக்கு வெளியே வாழ்ந்திருத்தலும், வண்டியை ஆறு மாதமேனும் தம் உடைமையாய் வைத்துப் பயன்படுத்தியிருத்தலும் வேண்டும். புறப்படுவதற்கு நான்கு மாதத்துக்கு முன்னர் ஆசையோடு புதுவண்டி வாங்கியவர் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கின்றார். வண்டி கப்பலேறுமுன்னரே விண்ணப்பித்து, அனுமதி இலக்கத்தைக் கையிலே வைத்திருத்தல் நன்று. சலுகை கிடைத்தாலும் கிடையாவிட்டாலும், வண்டி வந்து பதினான்கு நாட்களுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவித்தல் கட்டாயம். 2013 முதல் நடைமுறையிலுள்ள இவ்வறிவித்தல் நிறைவேறாத வண்டியைப் பதிவாளர் ஏற்கமாட்டார்.

அடுத்து வண்டியின் உடலமைப்பு. துபாயில் வீதியின் வலப்புறமாகவும், இங்கிலாந்தில் நம் நாட்டைப் போல இடப்புறமாகவும் செல்லுதல் வழக்கம். சுக்கான் இடப்புறம் இருப்பதற்குத் தடையில்லை. ஆனால், முன்விளக்கின் தாழ்ந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணிற் பாயாது இடப்பக்கம் சாயவேண்டும். வேகமானி மைலிற் காட்டவேண்டும். பின்புறப் பனிமூட்ட விளக்கு நடுவிலோ வலப்பக்கத்திலோ அமையவேண்டும். பத்து ஆண்டைக் கடவாத வண்டி, இவை போன்றவற்றை ஆராயும் தனி அங்கீகாரப் பரிசோதனையிலும் தேறவேண்டும். மூன்றாண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் நடைபெறும் தகுதிப் பரிசோதனையும் உண்டு.

இவற்றையெல்லாம் பணம் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். எளிதிலே திருத்தவியலாதது பத்திரம் இல்லாத குறையே. வண்டியின் உடலிற் பொறிக்கப்பட்ட பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்ட தொடர் உலகெங்கும் அதன் அடையாளம். ஒன்று, பூச்சியம் என்னும் இலக்கங்களோடு மயங்கும் என்பதற்காக ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துகளை அத்தொடரிற் சேர்ப்பதில்லை. அத்தொடரும், முன்னைய நாட்டுப் பதிவுப் பத்திரத்தின் மூலப்பிரதியிலோ ஏற்றுமதிச் சான்றிதழிலோ உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும். பழைய நாட்டுப் பதிவை நீக்கும் அவசரத்தில் மூலப்பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு விமானமேறுவோர் உளர். பின்னர் கடல் கடந்து அதனைத் தேடுதல் எத்துணை அலைச்சல்!

வண்டியின் வயதையோ அடையாளத்தையோ நிறுவ இயலாதபோது, பிரித்தானியப் பதிவாளர் கியூ என்னும் எழுத்தில் தொடங்கும் இலக்கத்தை வழங்குவார். 1983இல் வந்த வழக்கம் இது. அடையாளத் தொடரிலே இடம்பெறாத அதே எழுத்து, அடையாளம் தெரியாத வண்டியின் நெற்றியிலே வந்தமர்கின்றது. அதனை மறைத்து வேறு விருப்ப இலக்கம் பூட்டவும் இயலாது. பின்னாளில் வாங்க வருபவர் அவ்வெழுத்தைக் கண்டதும் தயங்குவார், விலையும் இறங்கும்.

பத்திரம் செவ்வனே உள்ளவருக்கோ வேலை எளிது. விண்ணப்பமும் 55 பவுண் பதிவுக் கட்டணமும் வீதி வரியும் சுவான்சி நகரத்துப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பப்படுகின்றன. அதுவரை வண்டி வீட்டு முற்றத்திலேயே நிற்கவேண்டும். காப்புறுதி செய்து, முன்கூட்டியே நாள் குறித்த பரிசோதனைக்குச் செலுத்திச் செல்ல மட்டும் இடமுண்டு. பின்னர் வண்டியின் வயதுக்கேற்ற இலக்கம் வந்துசேரும். வெள்ளைத் தகடு முன்னும் மஞ்சள் தகடு பின்னும் பூட்டப்படும்.

இனி வண்டி தம்முடையதுதானே என்று அவர் அதனை உடனே விற்றுவிடலாகாது. சலுகை பெற்று இறக்கிய வண்டியைப் பன்னிரண்டு மாதம்வரை விற்றலும் வாடகைக்கு விடுதலும் இரவல் கொடுத்தலும் விலக்கப்பட்டவை. அயலூரிலிருந்து மைத்துனர் வந்து ஒரு கிழமைக்கு வண்டியை இரவல் கேட்டால், அவர் சற்றுச் சங்கடப்பட்டுத்தான் இல்லையென்று சொல்லவேண்டியிருக்கும்.