மிசிசிப்பியின் 87 விழுக்காடு



1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிண்டன் ஜான்சன் பெருவெற்றி பெற்றார். மிசிசிப்பி மாநிலத்திலோ, குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்த பாரி கோல்ட்வாட்டருக்கு 87 விழுக்காடு வாக்குகள். இந்த எண்ணை முதலில் பார்த்தபோது, ‘மிசிசிப்பி மக்களின் தீர்ப்பு’ என்றே நானும் குறித்துவைத்தேன். அது தவறு.

அம்மாநிலத்தில் பத்தில் நான்கு பேர் கறுப்பர்கள். ஆனால் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர்களில் 7 விழுக்காட்டினர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயர் சேர்க்கப் போனால், மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதவேண்டும். அது சரியா தவறா என்று தீர்மானிப்பவர் வெள்ளை அதிகாரி. 1962இல் பெயர் பதியப் போன ஃபேனி லூ ஹேமர், அன்றே தான் வேலைசெய்த பருத்தித் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டார்.

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டே ஆண்டுகளில் அங்கே கறுப்பர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பட்டியலில் ஏறினர். ஆர்வமின்மை அல்ல, அடைத்த கதவுதான் காரணம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சொத்தும் வரியும் பார்த்து வாக்குரிமை தந்த காலத்தில், 1928இல், சைமன் குழுவிடம் வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார் அம்பேத்கர். கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

தோழர்களே, தேர்தல் முடிவைப் படிக்கும் முன் வாக்காளர் பட்டியலைப் படியுங்கள்.