சீப்பு வைச்சிருக்கிறியளோ?

யாழ்ப்பாணக் கரையோரத்தில் எங்கள் ஊர். நத்தார் மார்கழி மழையோடுதான் வரும். பெடியள் வைக்கோலும் கிடுகும் சேர்த்துப் பாலன் குடில் கட்டுவினம். இரவில் அம்மாவும் அயலட்டைப் பெண்களும் பாயில் இருந்து, புதுச் சீப்பில் மாவை அழுத்திச் சிப்பிப் பலகாரம் சுருட்டுவினம். அவர்களில் பாதிப்பேர் சைவக்காரர்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தது. அந்த நத்தாருக்குத் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தோம். குடில் இல்லை. பழைய அயலட்டை அக்கா ஒருத்தி அரைச் சுண்டு மாவோடு வந்து, "சீப்பு வைச்சிருக்கிறியளோ?" என்று அம்மாவைக் கேட்டா. அம்மா அன்றுதான் சிரித்தா.

ரொறொன்ரோவில் சிப்பி கடையிலேயே கிடைக்கிறது. நானும் வாங்குகிறேன். இந்த மார்கழியில் ஒருநாளாவது அயலவரைக் கூப்பிட்டு மாக் குழையுங்கோ.