வடிகுழாய் கற்பித்த பாடம்

எங்கள் அத்திப்பட்டில் மழைநீர் தேங்கினால் வாய்க்கால் வெட்டி வடிப்போம். தேய்ந்துபோன இடுப்பு, முழங்கால் மூட்டுகளை மாற்றி வைக்கும் மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். அறுவைக் காயத்தினுள் தேங்கும் இரத்தம் சீழுக்கு இடந்தருமென்று அஞ்சி, மெல்லிய குழாயொன்றை உள்ளே வைத்து, உறிஞ்சும் புட்டியோடு இணைத்தனர். எண்ணம் நன்று, பயன் உண்டா?

குழாய் வைத்தோரையும் வையாதோரையும் ஒப்பிட்டுப் பலர் சோதித்தனர். எலும்பு, மூட்டு அறுவைகள் குறித்த அத்தகைய 36 ஆய்வுகளை, 5,697 காயங்களின் விவரங்களோடு, காக்ரேன் என்னும் பன்னாட்டு மருத்துவ ஆய்வமைப்பு 2007இல் தொகுத்து வெளியிட்டது. சீழ் பிடிப்பதில் வேறுபாடு புலப்படவில்லை. குழாய் வைத்தோர்க்கே பிறர் இரத்தம் செலுத்தும் தேவை மிகுந்திருந்தது. வையாதோர்க்குக் கட்டு நனைதலும் தோல் கன்றுதலும் மிகுதி. தேங்கிய இரத்தம் கசியும் நாளங்களை அழுத்தி அடைக்கும். உறிஞ்சினால் அவ்வழுத்தம் குறையும் என்பது மருத்துவர் தரும் விளக்கம். ஆதலால் இன்று பலர் எல்லோர்க்கும் குழாய் வைப்பதில்லை.

நானும் வகுப்பில் உவமை சொல்லியே பாடம் நடத்தியவன். உவமை பொருளை விளங்க வைக்கும், மெய்ப்பிக்காது. ஆசிரியர் சொன்னாலும், "சோதித்துப் பார்த்ததுண்டா, ஐயா?" என்று பணிவோடு கேளுங்கள்.