கையில் போட்ட வளையம் காலை நிறுத்துமா?

காந்த வளையம், செப்புக் காப்பு, “சக்தி” பட்டை என்று என்னென்னவோ விற்கிறார்கள். செல்போனைத் திறந்தால் அதே விளம்பரம். கையில் மாட்டினால் உடம்பு தள்ளாடாதாம்!

இரவு ஷிப்டு முடிந்து தலை சுற்றி வரும் மில் தொழிலாளிக்கும், கரும்புக் கட்டைத் தலையில் வைத்து வரப்பிலே நடக்கும் விவசாயக் கூலிக்கும் இது விளையாட்டுக் காரியமல்ல. விழுந்தால் கை கால் போகும், கூலியும் போகும். ஆகவேதான் கேட்கிறோம்: வளையம் காலை நிறுத்துமா?

விற்பவன் ஒரு வேடிக்கை காட்டுவான். ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, நீட்டிய கையை அழுத்துவான், நாம் சாய்வோம். வளையத்தை மாட்டி மறுபடி அழுத்துவான், சாய மாட்டோம். சூட்சுமம் என்ன? முதல் தடவை கையை உடம்பை விட்டு வெளியே இழுத்து அழுத்துகிறான். இரண்டாம் தடவை உடம்பை நோக்கி அழுத்துகிறான். போதாததற்கு, இம்முறை நாமும் உஷாராகக் காலை ஊன்றிவிடுகிறோம். வேலை செய்தது வளையமல்ல, அவன் கை!

அமெரிக்காவில் ‘பவர் பேலன்ஸ்’ என்றொரு கம்பெனி இருந்தது. சாய்த்தால் வானவில் நிறம் காட்டும் ஒட்டுவில்லையை ரப்பர் பட்டையில் பதித்து, பெரிய ஆட்டக்காரர்கள் கையில் மாட்டி, உலகமெங்கும் விற்றது. விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தார் 42 விளையாட்டு வீரர்களை வைத்துச் சோதித்தார்கள். அசல் பட்டை ஒரு முறை. மலிவான வெறும் ரப்பர் பட்டை ஒரு முறை. எதை அணிந்திருக்கிறோம் என்பது வீரர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. எந்தப் பட்டையானாலும் இரண்டாம் முறை சற்று நன்றாகச் செய்தார்கள். அது பழக்கத்தால் வந்தது.

2010 டிசம்பரில் ஆஸ்திரேலிய அரசின் நுகர்வோர் ஆணையம் கம்பெனியின் கழுத்தைப் பிடித்தது. தன் பேச்சுக்கு நம்பத்தக்க விஞ்ஞான ஆதாரம் இல்லையென்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. பணத்தைத் திருப்பித் தருவதாகவும் சொன்னது. 2011 நவம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தது.

இந்தச் சோதனையை நம்முடைய தெருவிலேயே செய்யலாம். விற்கிற வளையம் ஒன்று, அதே கனமுள்ள சாதாரண வளையம் ஒன்று. இரண்டையும் துணியில் சுற்றி 1, 2 என்று எண் போடுங்கள். சுற்றியவர் அப்பால் போய்விட வேண்டும். பத்துப் பேரைக் கூப்பிடுங்கள். ஐவர் முதலில் 1-ஐயும், ஐவர் முதலில் 2-ஐயும் போடட்டும். சுவரோரம், பக்கத்தில் ஆள் நிற்க, கண்ணை மூடி ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். பல முறை செய்து, கணக்கைக் கூட்டிய பிறகே துணியைப் பிரியுங்கள். யார் சொன்னார்கள் என்பதல்ல, கணக்கு என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

உடம்பை நிறுத்துவது எது? உட்காதிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள், கண், பாதத்திலும் மூட்டிலும் உள்ள உணர்ச்சி நரம்புகள். இவை சொல்வதைச் சேர்த்துப் பார்க்கும் சிறுமூளை. இவற்றில் எதற்கும் மணிக்கட்டு வளையத்திலிருந்து சேதி போவதில்லை.

தலை சுற்றினால் காரணம் இருக்கிறது: ரத்த சோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, காது நோய், பசி, வெயில், தூக்கமின்மை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் காட்டிச் சோதித்துக் கொள்ளுங்கள். வளையத்தை நம்பி நோயை வளர்ப்பதுதான் பெரிய நஷ்டம். போன பணம் சிறிது.

ஆலையில் எண்ணெய் சிந்திய தரை, கைப்பிடியில்லாத ஏணி, ஓய்வில்லாத ஷிப்டு, இவற்றால் விழுகிறவனுக்கு எந்த வளையம் உதவும்? தரையைத் துடைக்கச் சொல்வோம், கைப்பிடி கேட்போம், ஓய்வு கேட்போம்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். பொய் விளம்பரம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு, தோழர்களே! கேள்வி கேட்காமல் கொடுக்காதீர்கள்.